ஆடி மாதத்துத் தலைக்கணக்கு

புதிதாக வட்டாரக் கல்வி அலுவலராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பேசினால் எங்கெங்கோ போய்விடுவேன், எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையான காரணம் வேறு. எனக்கு ஒதுக்கியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம். இத்தனை பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதை உட்கார்ந்து பார்க்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. படிக்கும்போது நீங்கள் தூங்கினால் எனக்குத் தெரியவா போகிறது.

விதிகளைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எதை எப்போது அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் கைப்பேசியே ஞாபகப்படுத்தும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். இந்தப் பள்ளியில் வருகிற வருடம் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று மேலிருந்து உங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் ஆசிரியர் வருவார், போவார். கட்டடம் எழும், பூட்டும் தொங்கும். பதிலைத் தேடி நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவீர்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே அந்தத் தெருவில் யாருக்கு எங்கே வேலை கிடைத்திருக்கிறது, அவர்களுக்கு யார் வீடு கொடுக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பழக்கத்தை எனக்குள் ஏற்றியவர் என் முதல் அதிகாரி. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. அப்போது கனகம்மாசத்திரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய மனைப்பிரிவு ஒன்று வந்தது. வாசலில் வளைவு, வளைவின் மேல் இரண்டு சிமெண்ட் மயில், வழியெல்லாம் கலர் கொடி. சென்னைப் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். மனைகள் மளமளவென்று விற்றன, வீடுகளும் எழுந்தன. இவ்வளவு வீடு வந்த பிறகு பள்ளிக்கூடம் வேண்டாமா என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அதிகாரி மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே இருந்த ஒரே பெட்டிக்கடைக்குப் போனார். சோடா வாங்கிக் குடித்துவிட்டு, இங்கே என்ன நன்றாக விற்கிறது என்று கேட்டார்.

"பூச்சு வேல செய்றவங்களுக்கு பீடி போவும் சார். ஞாயித்துக்கெழம கார்ல வர்றவங்க தண்ணி பாட்டில் வாங்கிக்குவாங்க" என்றார் கடைக்காரர்.

"பென்சிலு, ரப்பரு, பசங்க மிட்டாயி?"

"யாருக்கு சார்? வர்றாங்க, பால் காச்சுறாங்க, பூட்டிகினு போறாங்க. பால் காச்சுன வூடுதான் சார் அத்தினியும்."

வாங்கியவர்கள் எல்லாம் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். பின்னால் ஓய்வுபெற்று வருவதற்கோ, பெண்ணுக்குக் கொடுப்பதற்கோ கட்டிப் போட்டிருந்தார்கள். அதிகாரி இதையெல்லாம் எழுதி அனுப்பினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கட்டடம் வந்துவிட்டது. நல்ல கட்டடம்தான். பல வருடம் அதில் நாங்கள் இலவசப் பாடப்புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தோம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை. நான் ஓய்வுபெறுவதற்கு முன்பு திருத்தணியில் இதே உங்கள் பதவியில் பணியாற்றிய காலத்தில் நடந்தது. பள்ளியின் பெயரைக் கல்லுமேடு என்று மாற்றிச் சொல்கிறேன், வரைபடத்தில் தேடாதீர்கள். அரக்கோணம் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. பள்ளி வாசலில் நின்றால் மலையும் கோயில் கோபுரமும் தெரியும். தலைமையாசிரியர் ஏகாம்பரம் சார், அவருக்குத் துணையாகக் கவிதா டீச்சர், இரண்டே பேர். ஐந்து வகுப்பையும் இருவரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கவிதா டீச்சர் தமிழ், தெலுங்கு இரண்டிலும் சரளமாகப் பேசுவார். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தெலுங்குதான். அப்படி ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் மிரண்டு உட்கார்ந்திருந்தால், அதன் காதோடு ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அந்தச் சாமர்த்தியம் எனக்கும் கிடையாது, ஏகாம்பரம் சாருக்கும் கிடையாது.

கல்லுமேட்டில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. ஜனம் பெருகிக்கொண்டே போனது, பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறிப் போவார்கள். தெருவுக்குத் தெரு லைன் வீடு, அதாவது ஒரே கூரைக்கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஐந்தாறு கல்யாணமாகாத பெண்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கலாம், சண்டை சச்சரவு கிடையாது, குழந்தைகள் கிடையாது. முன்பு அதே தெருவில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தவர்களுக்கு இப்போது அறை கிடைப்பதில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனார்கள், பிள்ளைகளும் கூடவே போனார்கள். வேலை பெருகினால் பிள்ளைகள் பெருகுவார்கள் என்று பயிற்சியில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார்கள். கல்லுமேட்டில் வேலை பெருகியதால்தான் பள்ளி காலியானது.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் தொடக்கத்தில் பள்ளிவாரியாகத் தலைக்கணக்கு எடுத்து, பிள்ளைகளுக்கு மிஞ்சி இருக்கும் ஆசிரியரை உபரி என்று காட்டி வேறு பள்ளிக்கு மாற்றுவது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் கல்லுமேட்டில் உபரி விழும் என்பது ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. போகப்போவது கவிதா டீச்சர். அவர் போனால் ஏகாம்பரம் சார் தனியாளாக ஐந்து வகுப்பு எடுக்க வேண்டும். தனியாள் பள்ளிக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? அதற்கு அடுத்த படி என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த பள்ளி புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. லாரிகள் போகிற சாலை.

ஆடி பிறந்து சில நாள் கழித்து நான் கல்லுமேட்டுக்குப் போனேன். கவிதா டீச்சர் என்னைப் பார்த்ததும், "எங்க போட்டாலும் போறேன் மேடம், நீங்க சங்கடப்படாதீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. பள்ளிக்குள் நிற்கப் பிடிக்காமல் தெருவில் நடந்தேன். ஒரு லைன் வீட்டு வாசலில் செங்கல்லும் மணலும் கொட்டிக் கிடந்தன. உள்ளே கொத்தனார் ஒருவர் கடப்பைக் கல்லை ஏந்திக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் அறையின் மூலையிலும் அடுப்பு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாறு பெண்கள் தங்குகிற அறையில் அடுப்பு மேடை எதற்கு? அவர்கள் கம்பெனி கேண்டீனில் சாப்பிடுகிறவர்கள். எனக்கு என் பழைய அதிகாரியின் சோடா ஞாபகம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்காரம்மா பெயர் மங்கம்மா. ரயில்வேயில் வேலை பார்த்து மறைந்த கணவர் கட்டிக் கொடுத்துப் போன லைன் வீடு அது. கையில் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்.

"இன்னா மேடம், சென்சஸா?"

"இல்லைங்க, பள்ளிக்கூடத்து ஆபீசுங்க. இங்க பசங்க யாராவது இருக்காங்களான்னு பாக்க வந்தேன்."

"எங்க வூட்ல ஏது பசங்க? பசங்க வெச்சிருக்கிறவங்களுக்கு நான் வுடறதே இல்ல. செவுரு கெட்டுப்பூடும். எங்க வூட்டுக்காரரு பாத்துப் பாத்துக் கட்னது."

"அப்ப அடுப்பு மேடை எதுக்குங்க?"

அவ்வளவுதான். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். "அத்த ஏன் கேக்குறீங்க. கம்பெனிக்காரனே ஆஸ்டல் கட்டிகினான். கல்யாணம் ஆவாத பொண்ணுங்கல்லாம் மூட்டயக் கட்டிகினு அங்க பூட்டாங்க. ஆனி மாசத்துல வூடே வெறிச்சினு ஆயிடிச்சு. இப்ப வந்து கேக்குறவங்க அல்லாம் குடும்பம். புருசனும் பொண்டாட்டியும் கம்பெனிக்குப் போறவங்க. பசங்க இருக்குதான்னு கேட்டா, ஆங், ஊர்ல வுட்டிருக்கோம், கூட்டிகினு வரணும்றாங்க. வேற வழி? சரின்னுட்டேன். அட்வான்சும் குடுத்துட்டாங்க. ஆவணி பொறந்தா பால் காச்சுவாங்க."

"இப்பவே வரமாட்டாங்களா?"

மங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவங்க நீங்களே இப்பிடிக் கேட்டா? ஆடில எவன் குடி வருவான்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனியில் பெண்கள் போய்விட்டார்கள். ஆவணியில் குடும்பங்கள் வரும். நடுவில் ஆடி, ஊரே காலியாகக் கிடக்கிற மாதம். சரியாக அந்த மாதத்தில் வந்து நாம் தலையை எண்ணுகிறோம். கவிதா டீச்சரை அனுப்பிவிட்டால் சில வாரத்திலேயே அவருக்கான பிள்ளைகள் வந்து நிற்பார்கள். போன ஆசிரியரைத் திரும்பக் கொண்டுவர எத்தனை வருடம் நடக்க வேண்டும் என்று உங்களுக்கு இனிமேல் தெரியவரும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அறை வாசலில் ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர் லட்சுமி. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள், கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஹாஸ்டலில் கல்யாணமானவர்களைச் சேர்ப்பதில்லை, அதனால் கூட இருந்தவர்கள் எல்லாம் போன பிறகு அவள் மட்டும் அந்த அறையில் தங்கியிருந்தாள்.

"அக்கா, நெஜமாவே பசங்க இருந்தாலும் வுடப்போறியா?" என்றாள்.

"வுட்டுத்தான ஆவணும். ஏன், உனக்கு இன்னா?"

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுக்கா."

மங்கம்மா வாயைத் திறந்தவர் மூடவில்லை. "அடிப்பாவி! இத்தினி நாளா ஒரே வூட்ல இருந்துகினு, ஒரு வார்த்த சொல்லலியேடி!"

"சொல்லியிருந்தா ரூம் குடுத்திருப்பியா?"

கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மங்கம்மா, "பேரு இன்னா?" என்று கேட்டார். ஹேமா என்றாள் லட்சுமி. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிப்பட்டுப் பக்கம் நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறாள். கணவர் அரக்கோணத்தில் ஒரு கடையில் வேலை, அங்கேயே நாலு ஆண்களோடு தங்கியிருக்கிறார். ஒரே குடும்பம் மூன்று ஊரில் கிடந்தது. காரணம் தூரமில்லை. மூன்று பேரும் சேர்ந்து தங்க ஓர் அறை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

லட்சுமி கைப்பேசியில் பெண்ணின் படத்தைக் காட்டினாள். மங்கம்மா சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, வெயில் படாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடி ரூம்புல காத்து நல்லா வரும். அத்த உனக்குக் குடுக்கிறேன். ஆவணில பால் காச்சிக்கோ" என்றார்.

அன்று சாயங்காலம் பள்ளிக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னேன். ஏகாம்பரம் சார் உற்சாகத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அப்ப ஒரு கஷ்டமும் இல்ல. வரப்போற பசங்க பேர இப்பவே ஏத்திடலாம். வராத பசங்களையா எழுதுறோம்? ஒரு மாசம் முன்னாடி எழுதுறோம், அவ்ளோதானே. யாருக்கு நஷ்டம்?"

இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தப்பான வழியைக் கெட்டவர்கள் வந்து காட்டும்போது மறுப்பது சுலபம். ஏகாம்பரம் சார் தன் சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கித் தருகிற மனிதர். அவர் சொன்னபோது எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகத்தான் பட்டது. "சார், வராத பிள்ளைய வந்ததா எழுதினா, நாளைக்கு நெஜமா வந்து நிக்கிற பிள்ளையையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றேன். அவருக்கு வருத்தம். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் மேலதிகாரிக்கு நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்லவர், ஆனால் அந்த மாதத்தில் அவரும் பாவம். மாவட்டம் முழுவதற்கும் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும். "மேடம், அடுப்பு மேடையை எல்லாம் எண்ணிக்கைல சேக்க முடியாது. வரேன்னு சொன்னவங்கள நான் எப்படி எண்ணுவேன்? வந்தவங்களைத்தானே எண்ண முடியும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. "அப்ப நீங்களே நேர்ல வந்து எண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுபடியும் மங்கம்மா வீட்டுக்கு ஓடினேன். ஆடியிலேயே பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் அசையவில்லை. குடி வரும் குடும்பத்துக்கு ஏதாவது ஒன்று ஆனால் பழி என் வீட்டின் மேல்தானே விழும் என்றார். நம்பிக்கையோடு சண்டை போடாதீர்கள், அது நம் வேலையும் இல்லை. நான் எழுந்து கிளம்பும்போது லட்சுமிதான் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கிருத்திகைக்கு எங்க ஊரே காவடி எடுத்துகினு இங்கதான வரும்? சாமிக்கு வந்தவங்க தங்குனா அது குடி வந்த மாதிரி ஆவாது இல்ல?"

மங்கம்மா யோசித்தார். திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு வந்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்கிற வீடு கிடையாது. அந்த வருடம் கிருத்திகை ஆடியின் முன்பாதியிலேயே வந்தது, தலைக்கணக்குக்கு முன்னால்.

"சாமிக்கு வர்றவங்களுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது" என்றார் கடைசியில். "வரட்டும். வந்தவங்க நாலு நாள் சேத்துத் தங்குனா எவன் கேக்கப்போறான்? ஆனா ஒண்ணு. பால் காச்சாத அடுப்ப யாரும் பத்த வெக்கக் கூடாது. சோறு எங்க வூட்ல."

சொல்லிவிட்டுத்தான் தன் தலையில் எதைக் கட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்தது. பசங்களே ஆகாது என்று இருந்தவர் ஆடி முடியும்வரை பத்துப் பதினைந்து பசங்களுக்கு அடுப்பு மூட்டினார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பிடித்துத் திட்டுவார். "செவுத்துல கிறுக்கி வெச்சிகீதுங்க பாருங்க, உங்களாலதான்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார். அழித்துவிட்டுப் பூசியிருக்கலாம். பூசவில்லை, காட்டுவதற்காக அப்படியே வைத்திருந்தார் என்று எனக்குச் சந்தேகம்.

கிருத்திகைக்கு மறுநாள் லட்சுமி ஹேமாவைப் பள்ளிக்கு அழைத்து வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் மலையில் வாங்கிய பிளாஸ்டிக் மயில். அவளைப் போலவே இன்னும் சில பிள்ளைகள். சாமிக்கு வந்து தங்கியவர்கள். முறைப்படி பழைய பள்ளியிலிருந்து விடுவித்துத்தான் சேர்த்தோம். அதற்காகப் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் எனக்கு போன் போட்டு, "என் பசங்கள காவடிக்குக் கூட்டிகினு போயி அங்கியே வெச்சிகினீங்களே மேடம், இது நியாயமா?" என்று கத்தினார். இங்கே கூடினால் அங்கே குறையும், அதுவும் நம் கணக்குதான். வேலை போகிற பக்கமெல்லாம் பிள்ளைகள் போனால் அவர் பள்ளி என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்னும் அதற்கு எனக்கு விடை தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தலைக்கணக்கு நாளில் மேலதிகாரி சொன்னபடி வந்தார். வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணினார். வேண்டியதில் பாதிதான் தேறியது. பெரும்பாலான குடும்பங்கள் ஆவணிக்காகக் காத்திருந்தன. கவிதா டீச்சர் கரும்பலகை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலதிகாரி இரண்டாம் வகுப்பில் ஹேமாவின் முன் நின்றார். "எந்த ஊரு பாப்பா?"

அவள் எழுந்து நின்று பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தன் ஊர்ப் பெயரைச் சொன்னாள். மேலதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். திருவிழாவுக்கு வந்த பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை, பார்வையே கேட்டது. ஏகாம்பரம் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மேலதிகாரி மறுபடியும் ஹேமாவிடம் திரும்பி, நல்ல விதமாகத்தான் கேட்டார்.

"சாமி பாத்தாச்சா? அப்ப எப்ப ஊருக்குப் போற?"

ஹேமா அவரைப் பார்த்தாள். பிறகு கவிதா டீச்சரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக அம்மாவின் லைன் வீடு இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"போவணுமா சார்?" என்றாள்.

கவிதா டீச்சர் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மேலதிகாரி வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றார். "அந்த அடுப்பு மேடைய எங்க பாத்தீங்க?" என்று கேட்டார். கூட்டிப் போனேன். ஒவ்வோர் அறையாக நின்று பார்த்தார். மங்கம்மா அவரையும் விடவில்லை, சுவர்க் கிறுக்கலைக் காட்டித் திட்டினார். யார் யார் எப்போது வருகிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார் மேலதிகாரி. சாலைக்கு வந்ததும், "கல்லுமேட்டுக் கணக்க மட்டும் இப்ப அனுப்பாம நிறுத்தி வெக்கிறேன். ஆவணி வரைக்கும்தான் மேடம். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க. ஆள் வரலைன்னா நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துதான் மெமோ வரும்" என்றார். பொறுப்பை அவர் தன் தலையிலும் ஏற்றிக்கொண்டார். அதிகாரிகளைப் பற்றி நாம் ஆயிரம் பேசுகிறோம், இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆடி மெதுவாகத்தான் நகர்ந்தது. இரண்டு குடும்பங்கள் மனம் மாறி அரக்கோணத்திலேயே வீடு பார்த்துக்கொண்டன என்று மங்கம்மா சொன்னபோது, மிச்சம் எத்தனை பிள்ளைகள் என்று விரல்விட்டு எண்ணினேன். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தன்று காலையில் பள்ளிக்குப் போனேன். மணி அடித்தும் வகுப்பில் பழைய பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள். ஏகாம்பரம் சார் வாசலுக்கும் வகுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். ஹேமாவைக்கூடக் காணவில்லை. கவிதா டீச்சர் என்னிடம் வந்து, "உக்காருங்க மேடம், பால் பொங்கறதுக்கு நேரம் ஆகும் இல்ல" என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

முதலில் மங்கம்மாவின் குரல்தான் கேட்டது. வரிசையாக நடங்கடி, ரோட்டு ஓரமா வாங்கடா என்று அதட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் தாய் தகப்பன்மார், சிலர் கழுத்தில் கம்பெனி அட்டையோடு. மங்கம்மா வீட்டுப் பிள்ளைகள் மட்டுமில்லை. அடுத்த தெரு லைன் வீடுகளிலும் அன்றுதான் பால் காய்ச்சியிருக்கிறார்கள். எல்லோர் வாயிலும் சர்க்கரைப் பொங்கல் வாசனை. ஏகாம்பரம் சார் பெயர்களைப் பதிந்துகொண்டே இருந்தார். அவர் பேனா நிற்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாள் முகம் திருப்பிக்கொண்ட மனிதர் அவர்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் அறிவுரையை எழுதி முடிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. அடக்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வட்டாரத்தில் எங்காவது ஹாஸ்டல் கட்டுகிறார்கள், கம்பெனி பஸ் வழி மாறுகிறது, யாரோ வாடகை அறையில் அடுப்பு மேடை வைக்கிறார்கள் என்று காதில் விழுந்தால், உடனே எழுந்து போய்ப் பாருங்கள். தேநீர் அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.

மேலதிகாரி ஆவணிக் கடைசியில் வந்தார். இந்த முறை எண்ணுவதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கவிதா டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹேமா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். அவர் கிட்டே போவதற்குள் அவளே எழுந்து நின்றுவிட்டாள்.

அவர் குனிந்து, "என்ன பாப்பா, இன்னும் ஊருக்குப் போகலையா?" என்றார்.

"இதான் சார் ஊரு" என்றாள் ஹேமா. "எங்கம்மா இங்கதான் இருக்காங்க."

அவர் எண்ணிக்கொண்டிருந்த இடத்தை மறந்துவிட்டார். திரும்ப முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார்.